மௌனசாமியிடம் அறை கேட்டது

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டியரிங் தெரியும், பிரேக் தெரியும், ஹாரன் ரொம்ப நன்றாகத் தெரியும். அந்தக் காரின் வயிற்றுக்குள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு ஒயர் கட்டு தலை முதல் வால் வரை ஓடுகிற விஷயம் பல பேருக்குத் தெரியாது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது, விடுங்கள். அப்படிப்பட்ட ஒயர் கட்டுகளைச் செய்து நாடு நாடாக அனுப்புகிற ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் கிளையில்தான் இந்தக் கூத்து நடந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஏகப்பட்டது கேட்டிருப்பீர்கள். இங்கே ஒரு மனுஷர் வாயையே திறக்காமல் மொத்தத் தொழிற்சாலையையும் மாட்டவைத்தார்.

அவர் தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய மேனேஜிங் டைரக்டர். நெட்டையான ஆள், வெளுத்த புருவம், எப்போதும் அயர்ன் கலையாத சட்டை. நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. யாரையும் அதட்டியதில்லை. கேண்டீனில் எல்லோரோடும் வரிசையில் நின்று தட்டை எடுப்பார். ஒரே ஒரு வில்லங்கம், அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, சுவரில் மாட்டிய போட்டோ மாதிரி உட்கார்ந்திருப்பார். மேலே ஃபேன் சுற்றும், ஏசி முனகும், எதிரே இருக்கிறவருக்கு முதுகில் வேர்த்துக் கொட்டும். வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்தாகிவிட்டது.

நம்மவர்களுக்குத்தான் சும்மா இருக்கிற முகத்தைப் பார்த்தால் ஆகாதே! எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம். அதிகாரி பேசாமல் இருந்தால் பெரிய கோபம். உடனே சமாதானம் பேச ஆரம்பித்துவிடுவோம். தொழிற்சங்கச் செயலாளர் இருக்கிறாரே, வாசலில் நின்று பேசினால் கடைசி ஷெட் வரை கேட்கும் தொண்டை, மைக்செட் என்றுதான் பெயர், அவரே மாட்டிக்கொண்டார். ஷிப்ட் ஆட்களை ஏற்றிவர இன்னும் ரெண்டு பஸ் வேண்டும் என்று கேட்கப் போனார். வெளியே வந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தார்.

"என்னண்ணே, குடுத்தாங்களா?"

"இருக்கறதுல ஒண்ணைக் குறைச்சுக்கலாம்னு சொல்லிட்டேன்மா."

"அவரா சொன்னாரு?"

"அவர் எங்க சொன்னாரு! நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல" என்றார் மைக்செட். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

இவரைக் கேள்வி கேட்டவள் அங்கே மனிதவள மேலாளர். பதவி வாசல் பலகையில் எழுதியிருப்பதோடு சரி. செக்யூரிட்டி முதல் ஸ்டோர்காரர் வரை அவளுக்கு எச்.ஆர். அக்கா என்றுதான் பெயர். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அக்காவுக்குப் பேச்சுத்தான் சோறு. சண்டை போட்டுக்கொண்ட ரெண்டு பேரை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினால், கடைசியில் எதற்குச் சண்டை என்பதே அவர்களுக்கு மறந்துவிடும். மைக்செட் கதையைக் கேட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும், அடுத்தது அவள்தானே.

மூன்றாம் லைனின் சூப்பர்வைசர் ஒரு பெண். லைன் பெயரே அவளுக்கும் பெயராகிவிட்டது. "மூணாம் லைன் எங்க?" என்று யாராவது கேட்டால், அந்த நீளமான மேஜைகளைக் கேட்கிறார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஒல்லியான உருவம், காதில் சொருகிய பேனா, கையில் எப்போதும் ஒரு டேப் ரோல். அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது முதன்முதலாக இன்டர்வியூ பண்ணி எடுத்தது இவளைத்தான். அதனால் தங்கச்சி மாதிரி ஒரு ஒட்டுதல். அந்த மூணாம் லைன் ஒரு திங்கட்கிழமை காலை அக்காவின் அறைக்குள் வந்து, மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றாள்.

"ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. புள்ளைய யார்கிட்ட விடறது? எதிர்வீட்டம்மா பாத்துக்கிட்டாங்க, அவங்க வீடு மாத்திப் போறாங்க. அவருக்கு லாரி டூட்டி, வந்தா வந்த மாதிரி. ரெண்டு வயசுப் புள்ளைய பூட்டி வச்சுட்டா வர முடியும்?"

அக்காவுக்குத் தன் கதை நினைவுக்கு வந்தது. அவளும் மகள் சின்னவளாக இருந்தபோது கையிலிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவள்தான். திரும்பி வந்தபோது அவளுக்குக் கீழே இருந்தவர்களெல்லாம் மேலே போயிருந்தார்கள். அந்த எரிச்சல் இன்றைக்கும் அடங்கவில்லை.

"நீ எங்கயும் போகாத. இங்கயே குழந்தைங்களப் பாத்துக்க இடம் வாங்கறேன். எத்தனை பொண்ணுங்க இதுக்காகவே நின்னு போயிருக்காங்க! நான் போய்ப் பேசறேன் பாரு" என்றாள்.

பேசுகிறேன் என்றாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

மௌனசாமியின் அறையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள். அவர்கள் பேசியது ஆங்கிலம். நமக்கெதற்கு அந்தத் தொல்லை, தமிழிலேயே கேட்டுக்கொள்வோம். பெண்கள் ஏன் வேலையை விடுகிறார்கள், புது ஆளைப் பழக்க எத்தனை நாளாகிறது, எவ்வளவு ஒயர் வீணாகிறது என்று அடுக்கிக்கொண்டே போய், "அதனால ரெண்டு ரூம், ரெண்டு ஆயா, பால் காய்ச்ச ஒரு சின்ன கிச்சன்" என்று முடித்தாள். நன்றாகத்தான் முடித்தாள். அத்தோடு வாயை மூடியிருக்க வேண்டும்.

மௌனசாமி அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஃபேன் சுற்றியது. அவர் புருவம் ஒரு நூல் அளவு மேலே போனது போல இருந்தது.

"கிச்சன் அவசியம்னு இல்ல சார். பால் வீட்லேருந்தே கொண்டு வந்துடுவாங்க" என்றாள் அக்கா.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ பார்த்தார். போச்சு, கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு ரூம்கூட வேணாம், ஒண்ணு போதும். ஆயாவும் ஒருத்தர் போதும்."

மௌனம்.

"அந்த ஆயாவும் பாதி நாள்…"

மௌனம்.

"ரூம் கஷ்டம்னா, ஸ்டோருக்குப் பின்னாடி ஒரு ஓரம் இருக்கு. ஒரு பாய் போட்டா போதும் சார்."

மௌனசாமி பேனாவை எடுத்து மேஜையில் நேராக வைத்தார். அந்தப் பேனா மேஜையில் பட்ட சத்தம் அக்காவுக்கு வெடிச் சத்தமாகக் கேட்டது.

"அதுகூட வேணாம் சார். நாங்களே ஏதாவது பாத்துக்கறோம். சாரி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தே விட்டாள்.

இப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "வேண்டாமா? சரி" என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி இருந்தது. ஆனால் அக்கா அதற்குள் கதவுக்கு வெளியே போய்விட்டாள்.

மூணாம் லைன் தண்ணீர்க் குழாயடியில் காத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அவர் முடியாதுன்னு சொல்லல. நானே வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்று சொல்லி அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். மூணாம் லைனும் மரியாதைக்குச் சிரித்தாள். "பரவால்லக்கா, விடுங்க. நீங்க கேட்டீங்களே, அதுவே போதும்" என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போய்விட்டாள். அக்காவுக்குத் தன்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது.

மறுநாள் வேறொரு கண்டத்துக் கிளையோடு வீடியோவில் பேசும் நாள். அங்கே எச்.ஆர். பார்ப்பவள் ஒரு சுருட்டைமுடிக்காரி. மாதா மாதம் பேசிப் பேசி இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள். லீவுக் கணக்கு, டிரெய்னிங் கணக்கு எல்லாம் முடிந்ததும் அக்கா தன் சோகத்தைக் கொட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த சுருட்டைமுடிக்காரி நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்ததில் திரையிலிருந்தே காணாமல் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலை மட்டும் தெரிந்தது.

"அவரா! எங்க கிளையிலதான் முன்னாடி இருந்தாரு. அவர் ஊர்ல கேட்ட உடனே பதில் சொன்னா, நீ சொன்னதை நான் காதுலயே வாங்கலன்னு அர்த்தம். யோசிச்சுச் சொல்றதுதான் மரியாதை. விஷயம் எவ்வளவு பெருசோ அவ்வளவு நேரம் யோசிப்பாங்க. உன் விஷயத்துக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரா? அப்ப ரொம்பப் பிடிச்சிருக்கு!"

"அட கடவுளே. இதை யாரும் எங்களுக்குச் சொல்லலயே! அங்க உங்க ஆளுங்க எப்படிச் சமாளிச்சாங்க?"

"எங்க ஆளுங்களுக்கும் அப்பத் தெரியாது. ஆனா எங்களுக்கு அடங்கிப் போற பழக்கமும் கிடையாது. அவர் பேசாம இருந்தா, பத்தலன்னு நினைச்சு இவங்க மேஜையத் தட்டி இன்னும் கேப்பாங்க. நீங்க குறைச்சுக்கிட்டே போறீங்க, நாங்க ஏத்திக்கிட்டே போனோம். ஒரு குழாய் வேணும்னுதான் ஆரம்பிச்சோம். நீச்சல்குளம் கிடைச்சுது."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அங்கே குழாய் கேட்டவன் நீந்திக்கொண்டிருக்கிறான், இங்கே ரெண்டு அறை கேட்டவளுக்குப் பாய்கூட இல்லை.

"இப்ப என்ன பண்றது?"

"திரும்பப் போ. கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கோ. அவ்வளவுதான்" என்றாள் சுருட்டைமுடிக்காரி.

சொல்வது சுலபம். அக்காவின் வாய் அவள் தூங்கும்போதுதான் ஓய்வெடுக்கும், அதுவும் சில நாள் கிடையாது என்று புருஷன் சொல்வார். ஆகவே முதலில் வீட்டில் பழகிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது புருஷன் வந்து, "ஞாயித்துக்கிழமை என் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேர வீட்டுக்குக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

"நாலஞ்சுன்னா ரெண்டு பேர்தான் வருவாங்க" என்றார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி, ஒருத்தன்… சரி விடு, நாங்க வெளியவே பாத்துக்கறோம்." அவர் ஒரு டம்ளரை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். "இன்னிக்குப் பாத்திரம் நான் கழுவறேன்." இன்னும் பதில் இல்லை. அவர் முகம் சுண்டிப் போனது. "அந்த மிக்ஸி ஜார உடைச்சது நான்தான். எப்படிக் கண்டுபிடிச்ச?"

சத்தம் கேட்டு மகள் உள்ளே வந்தாள். அப்பா முழிப்பதையும் அம்மா பேசாமல் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். "கெமிஸ்ட்ரி அரியர் விஷயத்த யாரும்மா உன்கிட்ட சொன்னது?" என்றாள்.

அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஆனால் அந்த அமைதியில் ஒன்று நடந்ததும் உண்மை. புருஷனின் சிநேகிதர்கள் வந்தால் தனக்கு என்ன கஷ்டம் என்று அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. வழக்கம்போல வாய்க்கு வந்த "இப்ப வேணாம்" என்பதை உடனே சொல்லியிருந்தால் இது அவளுக்கே தெரிந்திருக்காது. "நாலஞ்சு பேரும் வரட்டும்" என்றாள். புருஷன் சந்தோஷப்படவில்லை, பயந்துதான் போனார். பாத்திரத்தைக் கழுவ எழுந்துபோனார்.

நாலைந்து நாள் கழித்து அக்கா மறுபடியும் மௌனசாமியின் அறைக்குப் போனாள். தொழிலாளர் நல விஷயம் என்பதால் சங்கத்தின் சார்பில் மைக்செட்டும் உடன் வர வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய கவலை. படிக்கட்டிலேயே அவரை நிறுத்தி, "அண்ணே, உள்ள நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள்.

"சங்கச் செயலாளர் பேசாம வேற யாரும்மா பேசுவா?"

"அப்படிப் பேசித்தானே பஸ்ஸு போச்சு?"

மைக்செட்டுக்கு அதற்குமேல் வாதாட முடியவில்லை. அக்கா கைப்பையிலிருந்து பெரிய இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாய்க்குள் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

உள்ளே போனால் மௌனசாமி எழுந்து நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அக்கா உட்கார்ந்து, "சார், குழந்தைகளுக்கு ரெண்டு ரூம், ரெண்டு…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"ஆமாம்! செய்யலாம்! பிரமாதம்!" என்றார் மௌனசாமி. வேகவேகமாகத் தலையை ஆட்டினார். "உடனே செய்யலாம்! மிக நல்ல யோசனை!"

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்று கேட்கிறீர்களா? உடனே சொல்கிற "செஞ்சிடலாம்" என்ன ஜாதி என்பது அவளுக்குத்தானே தெரியும்! ஒயர் வெட்டும் பிரிவுக்கு ஃபேன் கேட்டு வந்தவர்களிடம் அவள் அதைத்தான் சொன்னாள். "செஞ்சிடலாம்ங்க, கவலையே படாதீங்க!" அந்த ஃபேன் இன்னும் வரவில்லை. எதிரே நிற்கிறவரை அனுப்பிவைக்க அதைவிட நல்ல வழி உண்டா? இந்த மனுஷர் இதை எங்கே கற்றுக்கொண்டார்?

அவரே சொன்னார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சி வீடியோ அனுப்பியிருக்கிறார்களாம். இந்தப் பகுதி மக்கள் பேசாமல் இருந்தால் புண்படுவார்கள், ஆகவே உடனே பதில் சொல்லுங்கள், நிறையச் சிரியுங்கள், தலையை ஆட்டிக்கொண்டே இருங்கள் என்று அதில் ஒருவர் வகுப்பு எடுத்திருக்கிறார். "கழுத்து வலிக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை.

அந்தக் கண்களைப் பார்த்ததும் அக்காவுக்குப் பயமெல்லாம் போய்ப் பாவமாகிவிட்டது. அவளுக்காக அவர் மாறிக்கொண்டிருக்கிறார், அவருக்காக அவள் மாறிக்கொண்டு வந்திருக்கிறாள். ரெண்டு பேரும் இப்படியே போனால் அறை எப்போது வருவது?

"சார், ஒரு வேண்டுகோள். சிரிக்காதீங்க. தலையை ஆட்டாதீங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க, யோசிச்சுச் சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்."

"நிஜமாகவா?"

"நிஜமா."

மௌனசாமியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கழுத்தைத் தடவிக்கொண்டார், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். அப்புறம் மௌனம். முன்னதைவிட நீளமான மௌனம். அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். 'ஒரு ரூம் போதும்' என்று நாக்கு நுனி வரை வந்தது, கடித்துக்கொண்டாள். பக்கத்தில் மைக்செட் மிட்டாயைக் கன்னம் மாற்றிக் கன்னம் உருட்டும் சத்தம் கடகடவென்று கேட்டது. அவர் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, புண்ணியவான்!

"போன தடவை நீங்கள் முதலில் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது" என்றார் மௌனசாமி கடைசியில். "எந்த இடம் சரியாக வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு பாய் போதும் என்றீர்கள். பிறகு அதுவும் வேண்டாம் என்றீர்கள். உங்களுக்குக் குழந்தைகளைப் பிடிக்காதோ என்று நினைத்துவிட்டேன்."

மைக்செட்டால் இதற்குமேல் முடியவில்லை. "அப்ப பஸ்ஸு?" என்றார் மிட்டாயோடு.

"பஸ்ஸைக் குறைக்கச் சொன்னீர்கள். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் தொழிலாளர் தலைவர் சொல்லும்போது நான் யார் மறுப்பதற்கு?"

மிட்டாய் மைக்செட்டின் தொண்டையில் இறங்கிவிட்டது. அக்கா அவர் முதுகில் தட்டி, தண்ணீர் கொடுத்து, பஸ் விஷயத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அடக்கினாள்.

அப்புறம் மௌனசாமி கேட்ட கேள்விகளைக் கேட்க வேண்டுமே! பழைய பேக்கிங் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, திறந்தால் கம்ப்ரசர் சத்தம் வருமா, குழந்தை தூங்குமா, பால் காய்ச்ச இடம் கதவுக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், ஆயாவுக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார். ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா யோசித்துப் பதில் சொன்னாள். அவளும் பேசாமல் யோசித்தபோது அவர் சந்தோஷமாகக் காத்திருந்தார். முடிவில் ரெண்டு அறை, ரெண்டு ஆயா, சின்ன கிச்சன், எல்லாம் அப்படியே வந்தது. கம்ப்ரசரைப் பின்பக்கம் மாற்றச் சொன்னது அவருடைய யோசனை. சுவருக்கு என்ன வண்ணம் என்பதற்கு மட்டும் அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்றார்.

அக்கா மூன்றாம் லைனுக்கு ஓடினாள். நாற்பதைத் தாண்டியவள், புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். டீ இடைவேளை. பெண்களெல்லாம் கேண்டீனுக்குப் போயிருந்தார்கள். மூணாம் லைன் மட்டும் மேஜையருகே நின்று அறுந்த டேப்பைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சு! ரெண்டு ரூம்! ரெண்டு ஆயா! நான் கேட்டது அத்தனையும். அடுத்த மாசம் திறக்கறோம். உன் புள்ளைதான் முதல்ல உள்ள போகணும்!"

மூணாம் லைனின் கை நின்றுவிட்டது. "அக்கா" என்றாள். "நான் பக்கத்துக் கம்பெனியில சொல்லிட்டேன்க்கா. அங்க குழந்தைங்களுக்கு இடம் இருக்கு. ஒண்ணாந்தேதி சேர்றேன்னு ஒத்துக்கிட்டேன். நீங்க வேணாம்னு சொல்லிட்டு வந்தீங்கல்ல, அன்னிக்கே போன் பண்ணிட்டேன்."

அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. இது பழக்கத்துக்குச் செய்த மௌனம் இல்லை, நிஜமாகவே வரவில்லை. தன் வாயாலேயே தன் ஆளை அடுத்த வாசலுக்கு அனுப்பியிருக்கிறாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

மூணாம் லைனுக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. "உடனே போகலக்கா" என்றாள். "பதினஞ்சு நாள் தள்ளிச் சேர்றேன்னு கேட்டுப் பாக்கறேன்."

அக்கா பேசவில்லை.

"புது ஆளைப் பழக்கிக் குடுத்துட்டே போறேன்… ஒரு மாசம்னாலும் சரி." டேப் ரோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. சரி, நான் போகல. அவங்ககிட்ட வேணாம்னு சொல்லிடறேன். சாரிக்கா."

இன்னும் ஒரு நிமிஷம் அக்கா பேசாமல் நின்றிருந்தால் மூணாம் லைன் சம்பளத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டிருப்பாள் போலிருந்தது. அக்காவுக்கு முதலில் சந்தோஷம் பொங்கியது. அடுத்த கணமே உடம்பெல்லாம் கூசியது. சுவரில் மாட்டிய போட்டோ மாதிரி இப்போது நிற்பது யார்? பயத்தில் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பது யார்?

"நிறுத்து" என்றாள். "நிறுத்தும்மா. எனக்குப் பயந்துக்கிட்டு ஒண்ணும் சொல்லாத. எனக்கு உன் மேல கோபமே இல்ல. என் மேலதான். நீ போனா நான் அழுவேன், அது வேற விஷயம். அங்க போகணும்னா போ, நானே வந்து உன்னை நல்லபடியா விட்டுட்டு வர்றேன். இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லு. உனக்கு என்ன வேணும்? அவசரமே இல்ல. நான் இங்கதான் நிக்கறேன்."

மூணாம் லைன் அவளைப் பார்த்தாள். அப்புறம் வெறிச்சோடிய மேஜைகளைப் பார்த்தாள். பலகையில் ஆணிகளுக்கு நடுவே பாதி கட்டிய ஒயர்கள் கிடந்தன. மஞ்சள் ஒயர் ஒன்று விலகியிருந்தது, அதை எடுத்து அதன் இடத்தில் சொருகினாள். டீ இடைவேளை முடிகிற மணி அடித்தது. பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அக்கா கையை மட்டும் உயர்த்தி அவர்களைக் கதவருகிலேயே நிற்கச் சொன்னாள். லைன் நின்றது. யாரும் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கதான்க்கா இருக்கணும்னு ஆசை" என்றாள் மூணாம் லைன். குரல் தெளிவாக இருந்தது. "இந்த லைன் நான் கட்டுனது. ஆனா ஒண்ணு வேணும். ஒரு ஷிப்ட்டுக்கு ரெண்டு தடவை நான் போய்ப் புள்ளையப் பாத்துட்டு வருவேன். எனக்கு மட்டும் இல்ல, புள்ள வச்சிருக்கற எல்லாப் பொண்ணுங்களும். அந்த நேரம் லைன் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். அதுக்கு யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

அக்காவுக்கு உடனே "செஞ்சிடலாம்" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினாள். இது அப்படிச் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை. லைன் மெதுவாக ஓடினால் டார்கெட் என்ன ஆகும், மாற்று ஆளாக யாரை நிறுத்துவது, உற்பத்தி மேலாளர் குதிப்பாரே, அவரை எப்படி உட்காரவைப்பது, எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நினைத்துப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கதவருகே யாரோ இருமினார்கள்.

மூணாம் லைனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ஒரு தடவைன்னாலும் போதும்க்கா…"

"ரெண்டு தடவை" என்றாள் அக்கா.